கலரில் ‘யூ’ உண்டா? ஸ்பெல் செக்கரோடு 12 வருடங்கள்

ஆங்கிலக் கையேடுகளையும் அறிக்கைகளையும் திருத்திக் கொடுப்பதுதான் 12 வருடமாக என் பிழைப்பு. பாதிப் பேருக்கு பிரிட்டிஷ் எழுத்துமுறை வேண்டும், மீதிப் பேருக்கு அமெரிக்கன். காலையில் ஒன்று, சாயங்காலம் இன்னொன்று என்று மாறி மாறி ஓடுவதில் வேர்டு, லிப்ரே ஆபீஸ், பிரவுசர் என எல்லா ஸ்பெல் செக்கரோடும் மல்லுக்கட்டிவிட்டேன். எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது என்று எழுதிவைக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலர், ஃபேவர் போன்ற சொற்களில் ‘யூ’ இருக்கிறதா, சென்டரின் கடைசியில் ‘ஈ’ முன்னால் வருகிறதா ‘ஆர்’ முன்னால் வருகிறதா, இந்த வகைச் சமாச்சாரமெல்லாம் மொழியை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்துவிட்டால் எந்த மென்பொருளும் பிடித்துவிடும். ‘எல்’ விஷயத்தில் இன்றைக்கும் எனக்கு அதுதான் துணை. ‘டிராவல்டு’ என்று எழுதும்போது அமெரிக்கர்கள் ஒரு ‘எல்’லோடு நிறுத்துகிறார்கள், சரி, சிக்கனக்காரர்கள் என்று நினைத்தால் ‘ஃபுல்ஃபில்’, ‘என்ரோல்’, ‘ஸ்கில்ஃபுல்’ எல்லாவற்றிலும் பிரிட்டிஷ்காரர்கள் ஒன்று போடும் இடத்தில் இவர்கள் இரண்டு போடுகிறார்கள். நோவா வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதிக்காரர் 1828-ல் வெளியிட்ட அகராதிதான் அமெரிக்க எழுத்துமுறை இப்படி நிலைத்ததற்குப் பெரிய காரணம். அந்த மனிதர் நாக்குக்கான ‘டங்’ என்ற சொல்லைக்கூட ஒலிக்கிறபடியே நாலெழுத்தில் எழுதச் சொன்னவர், அதை ஜனங்கள் கண்டுகொள்ளவில்லை.

தொல்லை ஆரம்பிப்பது ‘மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால்’ என்கிற இடத்தில்தான். முதல் இரண்டு வருடம் நான் வேர்டில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன், மறுநாள் திறந்தால் ‘யூ’ போட்ட கலருக்குக் கீழே சிவப்பு நெளிகோடு ஓடும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று அழித்து மறுபடி நிறுவியெல்லாம் பார்த்திருக்கிறேன். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, வேர்டில் மொழி என்பது மென்பொருளுக்கு மட்டும் இருக்கும் அமைப்பு இல்லை, ஒவ்வொரு துண்டு எழுத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கிற சீட்டு. வேறொருவர் கோப்பிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டினால் அவருடைய சீட்டும் சேர்ந்தே வரும். போதாததற்கு, தட்டச்சு செய்யும்போது எந்த விசைப்பலகை மொழி இருக்கிறதோ அந்தச் சீட்டைத்தான் புது எழுத்துக்கு ஒட்டுகிறது. என்னைப் போலத் தமிழுக்குப் போய்விட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு, அங்கே உட்கார்ந்திருப்பது அமெரிக்க விசைப்பலகை என்றால், நடுவில் அடித்த நாலு வரி மட்டும் அமெரிக்கனாகிவிடும். இப்போது செய்வது இதுதான்: விண்டோஸ் விசைப்பலகைப் பட்டியலிலேயே வேண்டாத ஆங்கிலத்தைத் தூக்கிவிடுவது, வேலை முடியும்போது மொத்தத்தையும் தேர்வு செய்து மொழியை ஒரே தடவையில் வைப்பது, தானாக மொழியைக் கண்டுபிடிக்கும் வசதியை அணைத்துவிடுவது. அந்தக் கடைசி வசதியால் எனக்கு ஒரு நாளும் நன்மை நடந்ததில்லை.

சிவப்புக் கோடு வந்தாலாவது பரவாயில்லை, வரவேண்டிய இடத்தில் வராததுதான் பெரிய தலைவலி. ‘ஆர்கனைஸ்’ வகைச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எஸ்’ போட்டால் பிரிட்டிஷ், ‘இசட்’ போட்டால் அமெரிக்கன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ‘இசட்’ பக்கம். ஐ.நா. ஆவணங்கள் கலரில் ‘யூ’வையும் ஆர்கனைசில் ‘இசட்’டையும் சேர்த்தே எழுதும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கிலப் பெயரைப் பாருங்கள், லேபரில் ‘யூ’ இருக்கும், ஆர்கனைசேஷனில் ‘இசட்’ இருக்கும். ‘அனலைஸ்’ மட்டும் இந்தக் கணக்கில் வராது, அதற்கு ஆக்ஸ்ஃபோர்டும் ‘எஸ்’தான். ‘அட்வர்டைஸ்’, ‘சர்ப்ரைஸ்’, ‘எக்சர்சைஸ்’ மூன்றுக்கும் கடலுக்கு இந்தப் பக்கமும் ‘எஸ்’, அந்தப் பக்கமும் ‘எஸ்’.

இதில் ஸ்பெல் செக்கர் என்ன செய்கிறது? வேர்டின் பிரிட்டிஷ் அகராதி இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேர் சேர்ந்து எழுதிய அறிக்கையில் மூன்றாம் பக்கம் ‘எஸ்’, நாலாம் பக்கம் ‘இசட்’, ஐந்தாம் பக்கம் மறுபடி ‘எஸ்’ என்று வந்தால் ஒரு கோடுகூட விழாது. அது ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பட்டியலில் தேடுகிறதே தவிர, முந்தின பக்கத்தில் என்ன எழுதினோம் என்ற நினைவே அதற்குக் கிடையாது. எனக்குக் காசு கொடுக்கிறவர்களுக்கு வேண்டியது அந்த நினைவுதான். இந்தச் சண்டை பழசு. 1979-ல் வந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் இருந்த ‘ஸ்பெல்’ நிரலில் பிரிட்டிஷ் எழுத்துமுறைக்கென்று ‘பி’ என்று ஒரு தேர்வு இருந்தது. அது ‘எஸ்’தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும், ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வேறு சொன்னாலும் சரி என்று அதன் கையேட்டிலேயே நக்கலாக எழுதியிருப்பார்கள். ஆஸ்பெல் என்ற இலவச ஸ்பெல் செக்கர் இன்னும் தெளிவு, ‘எஸ்’ பிரிட்டிஷுக்கும் ‘இசட்’ பிரிட்டிஷுக்கும் அதில் தனித்தனிச் சொற்பட்டியல் உண்டு. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் இல்லாதது இலவசத்தில் இருக்கிறது.

சரி, ஒரே அடியாக மாற்றிவிடலாம் என்று தேடி-மாற்று வசதியைப் பயன்படுத்தி நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருள் கையேட்டில் ‘இசட்’ வருகிற விகுதியை எல்லாம் ‘எஸ்’ ஆக்கச் சொன்னேன். ‘சைஸ்’ என்ற சொல் கோரமானது, அதற்கு சிவப்புக் கோடு விழுந்ததால் தப்பித்தேன். பரிசைக் குறிக்கும் ‘பிரைஸ்’ நெம்பித் திறப்பதைக் குறிக்கும் வேறொரு சொல்லானது, அது பிரிட்டிஷ் அகராதியில் உள்ள சொல்தானே, கோடு விழவில்லை. அதைவிட மோசம், கலரையெல்லாம் ‘யூ’ போட்டு மாற்றியதில் கையேட்டில் இருந்த சி.எஸ்.எஸ். (இணையப் பக்கத்தின் நிறம், தோற்றத்தைச் சொல்லும் கணினி மொழி) உதாரணங்களும் மாறிவிட்டன. சி.எஸ்.எஸ்.ஸுக்கு அமெரிக்கக் கலர்தான் தெரியும். உதாரணத்தை அப்படியே எடுத்துப் போட்டுப் பார்த்தவர்கள் நிறம் மாறவில்லை என்று எழுத, கையேடு திரும்பி வந்தது. (சாம்பல் நிறத்துக்கு மட்டும் ‘ஏ’ போட்டாலும் ‘ஈ’ போட்டாலும் சி.எஸ்.எஸ். ஒன்றும் சொல்லாது, பெரிய மனசு.) இப்போது நிரல் வரிகளுக்குத் தனி ஸ்டைல் வைத்து, அதில் பிழை பார்க்காதே என்று குறித்துவிட்டுத்தான் மற்ற வேலை. மேற்கோள்களையும் நிறுவனப் பெயர்களையும் கண்ணால் பார்க்கிறேன். அமெரிக்க இடப்பெயரான பேர்ல் ஹார்பருக்கு ‘யூ’ போட்டுவிட்டு நான் முழித்ததை விவரிக்க வேண்டாம்.

இடத்துக்குத் தகுந்தபடி எழுத்து மாறும் சொற்களை ஸ்பெல் செக்கர் பிடிக்கும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். பிரிட்டிஷில் ‘லைசென்ஸ்’ பெயர்ச்சொல் என்றால் ‘சி’, வினை என்றால் ‘எஸ்’. ‘பிராக்டிஸு’ம் அப்படியே. நீளத்துக்கு ஒரு ‘மீட்டர்’, அளக்கும் கருவிக்கு வேறொரு ‘மீட்டர்’. எல்லாமே அகராதியில் இருப்பதால் எல்லாமே சரி. இலக்கணச் சோதனை சில தடவை நீலக் கோடு போடும், பல தடவை சும்மா இருக்கும்.

பிரவுசரில் ஒரு எச்சரிக்கை. குரோமில் பிரிட்டிஷ், அமெரிக்கன் இரண்டையும் டிக் செய்து வைத்தால் இரண்டில் எதில் இருந்தாலும் சொல் தேறிவிடும், அப்புறம் அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. அதேபோல, கோடு உறுத்துகிறதே என்று ‘அகராதியில் சேர்’ என்பதை அழுத்தாதீர்கள். நான் அழுத்தி அழுத்தி என் சொந்தப் பட்டியல் இரண்டு நாட்டுக்கும் பொதுவான சத்திரமாகிவிட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தத்தையும் துடைத்தேன்.

எனக்கு நிஜமாகவே உதவியது அதற்கு நேர் எதிரான வசதி, விலக்கு அகராதி. வேர்டு சரி என்று சொல்லும் சொல்லையும் தப்பென்று காட்டு என்று கட்டளையிடும் கோப்பு, வரிக்கு ஒரு சொல். யூப்ரூஃப் என்ற ஃபோல்டரில் மொழிக்கு ஒன்றாக இருக்கும், பெயரில் 0809 என்று முடிந்தால் பிரிட்டிஷ், 0409 என்றால் அமெரிக்கன். பிரிட்டிஷ் கோப்பில் ‘இசட்’ சொற்களை அடுக்கிவிட்டேன். வேர்ச்சொல்லைப் போட்டால் போதாது, இறந்தகாலம், ‘இங்’ விகுதி என்று ஒவ்வொரு வடிவத்தையும் தனியாக எழுத வேண்டும், அலுப்பான வேலைதான். ஆனால் அன்றிலிருந்து ‘எஸ்’ஸும் ‘இசட்’டும் கலந்த அறிக்கை என் கையைத் தாண்டிப் போனதில்லை.

‘புரோகிராம்’ மட்டும் இதற்கும் மசியவில்லை. பயிற்சித் திட்டம் என்றால் பிரிட்டிஷ்காரர்களுக்குக் கடைசியில் இன்னொரு ‘எம்’மும் ஒரு ‘ஈ’யும் வேண்டும், கணினியில் ஓடும் புரோகிராம் என்றால் அவர்களுக்கும் வேண்டாம். போன வாரம் வந்தது ஒரு மென்பொருள் பயிற்சித் திட்டத்தின் கையேடு. இரண்டு புரோகிராமும் ஒரே வாக்கியத்தில். தேடல் பெட்டியில் போட்டால் 41 இடம், ஒவ்வொன்றாகப் படித்துத்தான் மாற்றினேன்.