"கேஸ் ஃபுல், லீக் இல்லை" என்று விற்கும் பழைய கெக் செட்: காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள், பாட்டில் கழுவி அடைக்கும் வேலை போதும் என்று கெக்குக்கு (பீரை கேஸ் அழுத்தத்தில் அடைத்து வைத்து ஊற்றும் உலோகக் கலத்துக்கு) மாறும்போது முதலில் தேடுவது பழைய செட்டைத்தான். 5 காலன் கார்னி கெக் (முன்பு சோடா சிரப்புக்குப் பயன்பட்ட வகை), 5 பவுண்டு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர், அதன் அழுத்தத்தைக் குறைத்துக் கெக்குக்கு அனுப்பும் ரெகுலேட்டர், ஹோஸ் எல்லாம் சேர்த்து ஒரே விலை. ஆன்லைன் விளம்பரம் ஒன்றைப் பார்த்து எங்கள் நண்பர் ஒருவர் வாங்கிய செட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கேஸ் ஃபுல், லீக் இல்லை, அப்படியே மாட்டி ஊற்றலாம் என்று எழுதியிருந்தார்கள். ஒன்றுகூட உண்மை இல்லை. இதே தந்திரத்தைப் பலரும் செய்கிறார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

கேஸ் ஃபுல் என்பதற்கு விற்றவர் காட்டிய சாட்சி ரெகுலேட்டரின் பக்கவாட்டு மீட்டர். முள் 800 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தின் அளவு) நின்றது. அது எதற்கும் சாட்சி இல்லை. சிலிண்டருக்குள் சிஓ2 திரவமாக இருக்கிறது. ஒரு கரண்டி திரவம் மிச்சம் இருந்தாலும் அறை வெப்பத்தில் (70 டிகிரி ஃபாரன்ஹீட்) முள் 800-ஐ ஒட்டியேதான் நிற்கும். ஃபிரிட்ஜுக்குள் 38 டிகிரியில் வைத்தால் 550 அளவுக்கு இறங்கும். கேஸ் குறைந்ததாக அர்த்தம் இல்லை. திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் முள் சரியும், அப்போது மிச்சம் சொற்பம். ஊரில் சமையல் கேஸ் சிலிண்டரை எடை போட்டு வாங்குகிறோமே, இங்கேயும் அதேதான் வழி. கழுத்துப் பகுதியில் டி.டபிள்யூ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வெற்று எடை பொறித்திருக்கும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரை எடை போட்டு, அந்த வெற்று எடையைக் கழியுங்கள். 5 பவுண்டு இருக்க வேண்டிய இந்தச் சிலிண்டரில் 1 பவுண்டுகூட இல்லை.

அடுத்தது தேதி. சிலிண்டரின் தோளில் ஒரு மதுபான ஆலையின் பெரிய ஸ்டிக்கர் அழகாக ஒட்டியிருந்தது. அதை உரித்தால் அடியில் கடைசி ஹைட்ரோ டெஸ்ட் முத்திரை: 2011. அமெரிக்க விதிப்படி இந்த வகை அலுமினிய சிலிண்டரை 5 ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். தேதி கடந்ததில் மிச்சமிருக்கும் கேஸைப் பயன்படுத்தலாம், ஆனால் திரும்ப நிரப்பித் தரமாட்டார்கள். சோதனைக்குத் தனிச் செலவு. அதில் தோற்றால் சிலிண்டர் பழைய இரும்புக் கடைக்குத்தான். தோளில் ஸ்டிக்கரோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். கழுத்து வளையத்தில் கேஸ் கம்பெனிப் பெயர் இருந்தால் அது வாடகைச் சிலிண்டராக இருக்க வாய்ப்பு அதிகம்; விற்கிறவருக்கே அது சொந்தமில்லை, நிரப்பக் கொண்டுபோனால் பிடித்து வைத்துக்கொள்ளலாம். தீயணைப்பான் சிலிண்டரை மாற்றி விற்கிறவர்களும் உண்டு. அதன் உள்ளே அடிவரை ஒரு குழாய் இறங்கும், நேராக நிறுத்தினாலும் திரவத்தையே மேலே தள்ளும். அது ரெகுலேட்டரைப் பாழாக்கிவிடும்.

இந்த செட்டில் மிக மோசமான பாகம் ரெகுலேட்டர்தான். 10 பிஎஸ்ஐயில் வைத்தால் சிறிது நேரத்தில் முள் தானாக ஏறி, விடிவதற்குள் 40-ஐத் தாண்டியது. உள்ளே காய்ந்த பீர் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று வால்வு சீட்டில் (வால்வு உட்கார்ந்து மூடும் இடத்தில்) ஒட்டியிருந்தது. கெக்கில் அழுத்தம் கூடி, சிலிண்டர் காலியாகும்போது பீர் ஹோஸ் வழியாகப் பின்னுக்கு வரும். அதைத் தடுக்கும் செக் வால்வு இதில் இல்லவே இல்லை. சீட்டில் அழுக்கு ஒட்டினால் வால்வு முழுதாக மூடாது, கேஸ் கசிந்து அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பீரில் தேவைக்கு மேல் கேஸ் ஏறி, குழாயைத் திறந்தால் வெறும் நுரை. வாங்கும் இடத்திலேயே வெளிவழி வால்வை மூடி, 10 பிஎஸ்ஐ வைத்து, 15 நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். முள் ஏறினால் அந்த ரெகுலேட்டருக்கு விலை கிடையாது.

சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் தட்டையான ஒரு வாஷர் வேண்டும். அதற்குப் பதிலாக மரையில் வெள்ளை டேப் சுற்றியிருந்தார்கள். அங்கே அடைப்பைத் தருவது வாஷர்தான், மரை இல்லை. எத்தனை சுற்று சுற்றினாலும் கசியும்.

கெக்கின் மேலே ஹோஸ் கனெக்டரை மாட்டும் இரண்டு முனைகள்தான் போஸ்ட். இதில் கேஸ் போஸ்ட்டும் பீர் போஸ்ட்டும் இடம் மாறியிருந்தன. பால் லாக் (சிறு குண்டுகளால் கனெக்டர் பூட்டிக்கொள்ளும்) வகைக் கெக்கில் கேஸ் போஸ்ட்டின் அடிப்பகுதியில் சிறு வெட்டுகள் இருக்கும், குட்டைக் குழாய் அதன் கீழே வரவேண்டும்; பீர் போஸ்ட்டின் கீழே அடிவரை நீளும் குழாய். மாறியிருந்தால் கனெக்டர் தவறான போஸ்ட்டில் சிக்கிக்கொண்டு கழற்றுவது கஷ்டமாகிவிடலாம். ஒரு கெக்கில் 5 ஓ-ரிங்: மூடிக்குப் பெரியது ஒன்று, போஸ்ட்டுகளுக்கு இரண்டு, குழாய்களுக்கு இரண்டு. சில டாலர்தான், பழையதைப் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். சோடா சிரப் வாசம் ரப்பரில் ஏறியிருந்தால் பீரிலும் வரும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிளீச் ஊற்றிக் கழுவிய கெக்கில் ஊசிக் குத்துப்போலப் புள்ளிகள் விழுந்திருக்கும், அதற்கு வைத்தியம் கிடையாது.

லீக் சோதனையைக் காலிக் கெக்கில் செய்ய வேண்டும். பீர் இருந்தால் அது கேஸை உறிஞ்சும், முள் இறங்குவதை லீக் என்று தப்பாக நினைப்போம். 30 பிஎஸ்ஐ ஏற்றி, சிலிண்டர் வால்வை மூடி, வெப்பம் மாறாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள். முள் இறங்கினால் மூடி, போஸ்ட், ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஃபிரிட்ஜின் 38 டிகிரியில் 12 பிஎஸ்ஐ வைத்தால் பீரில் சுமார் 2.5 வால்யூம் (பீரின் அளவைப்போல இரண்டரை மடங்கு) கேஸ் ஏறும், ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். கேஸ் ஏற்றவும் ஊற்றித் தீர்க்கவும் ஒரு கெக்குக்கு 150 கிராம் அளவே போதும். 5 பவுண்டு சிலிண்டர் ஒரே கெக்கில் தீர்ந்தால் எங்கோ கசிகிறது.

இதைக் காசு விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள். 5 பவுண்டு சிஓ2 கசிந்தால் அறை வெப்பத்தில் 1.2 கன மீட்டருக்கு மேல் வரும். 10-க்கு 10 அடி, 8 அடி உயர அறையில் அது காற்றில் 5 சதவீதம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 4 சதவீதம். காற்றைவிடக் கனம் என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும். குழந்தைகள் தூங்கும் அறையிலோ ஜன்னல் இல்லாத நிலவறையிலோ சோதிக்காத செட்டை வைக்கவே கூடாது.

விற்றவரிடம் கேட்டபோது, இருக்கிற நிலையில்தான் விற்றேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு விளம்பரத்தை நீக்கிவிட்டார். அதனால் போகும் முன்பே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தராசு, ஸ்பேனர், சோப்புத் தண்ணீர் பாட்டில் மூன்றையும் கையில் கொண்டுபோங்கள். நிறுத்துப் பார்க்க விடாதவரிடம் பேரம் பேசவே வேண்டாம், கெக் நன்றாக இருந்தால் அதற்கு மட்டும் விலை கேளுங்கள்.