பம்ப் மோட்டாருக்கு டிரைவ்: தண்ணீரில் குறையில்லை, சூட்டில்தான் குறை

உடுமலையில் இருக்கும் நண்பன் தன் 7.5 எச்.பி. சப்மெர்சிபிளுக்கு (போருக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் மோட்டார்) வி.எஃப்.டி. போடலாமா என்று கேட்டிருக்கிறான். வி.எஃப்.டி. அல்லது டிரைவ் என்பது, மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. ஹெர்ட்ஸ் குறைந்தால் வேகமும் குறையும்; லைனில் வருவது 50. என் டிரைவ் இப்போதுதான் சர்வீஸ் முடிந்து வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் கார்டை மாற்றிய பில் புது டிரைவ் விலையில் பாதி. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். தென்னைக்குச் சொட்டு நீர் போட்டிருக்கிறேன். ஸ்டார் டெல்டா (மோட்டாரை எப்போதும் முழு வேகத்தில் ஓட்டும் பழைய ஸ்டார்ட்டர்) இருந்தபோது ஒரே ஒரு வால்வை மட்டும் திறந்தால் அழுத்தம் எகிறி, எங்காவது ஒரு லேட்டரல் (மரத்தடிக்குப் போகும் சிறு குழாய்) பிடுங்கிக்கொண்டு பீய்ச்சி அடிக்கும். இப்போது மெயின் பைப்பில் பிரஷர் சென்சார் இருக்கிறது. டிரைவில் அழுத்தம் 2 கிலோ என்று வைத்துவிட்டால், எத்தனை வால்வு திறந்தாலும் கேஜ் முள் அங்கேயே நிற்கிறது. வால்வை மூட மூட, திரையில் 48 ஹெர்ட்ஸ் மெல்ல 41-க்கு இறங்கும். இதைப் பார்ப்பதே ஒரு சுகம். மோட்டாரை நிறுத்தும்போது, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு 'டங்' என்று அடிப்பதும் நின்றுவிட்டது.

கரண்ட் மிச்சமாகும் என்று கடையில் சொல்வார்கள். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதியாகும் என்ற கணக்கு, உயரம் ஏற்ற வேண்டாத இடத்துக்குப் பொருந்தும். போர்வெல்லுக்கு ஆகாது. 50 ஹெர்ட்ஸில் 100 மீட்டர் தள்ளும் பம்பு, 40-ல் 64 மீட்டர்தான் தள்ளும். நீர்மட்டம் அதற்கும் கீழே இருந்தால் மோட்டார் சும்மா சுற்றிச் சூடாகும், தண்ணீர் வராது. அதுவும் போக, நமக்கு விவசாய மின்சாரம் இலவசம்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். பெரும்பாலான டிரைவ்கள் 40 டிகிரி வரைதான் முழு ஆம்பியர் தரும். தகரக் கூரை மோட்டார் ரூமில், மூடிய இரும்புப் பெட்டிக்குள், சித்திரை மதியத்தில் அது எப்படித் தாங்கும்? நன்றாகப் பாய்ந்துகொண்டிருக்கும்போதே ஓவர் டெம்பரேச்சர் காட்டி நின்றுவிடும். காற்றுக்குத் துளை விட்டால் தூசியும் பல்லியும் உள்ளே போகின்றன. பழுதானபோது கழற்றிப் பார்த்தால், ஃபேன் இறக்கையில் சிலந்தி வலையும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. துளைக்கு ஒரு ஃபில்டர் துணி வைக்கக்கூட பேனல் செய்தவருக்குத் தோன்றவில்லை.

டிரைவை எச்.பி. பார்த்து எடுக்கக் கூடாது, மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியரைப் பார்க்க வேண்டும். அதே எச்.பி. மோனோபிளாக்கை (தரைக்கு மேலே வைக்கும் பம்பு) விட சப்மெர்சிபிள் அதிகமாக இழுக்கும். கேபிள் நீளம் என்றால் மோட்டாரைக் காக்க டிரைவின் அவுட்புட்டில் சோக் (சுருள்) வேண்டும். மோட்டார் பக்கம் பழைய கெப்பாசிட்டர் இருந்தால் கழற்றிவிட வேண்டும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டவே கூடாது, பம்பின் பளுவைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் போய்விடும்.

நண்பன் தொட்டிக்கு ஏற்றி வாய்க்காலில் பாய்ச்சுகிறவன். அவனுக்கு வேண்டாம். சொட்டு நீர் போட்டவர்கள் கேட்டாலும் இன்றைய மனநிலையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாங்கியே தீருவோம் என்பவர்கள், ஃபேனைக் கழற்றித் துடைக்க வழி எங்கே வைத்திருக்கிறார் என்று பேனல் செய்பவரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.