சுரங்க வைரமா, ஆய்வக வைரமா?

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு முதல்முறை வைரம் வாங்குபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஒன்று மண்ணுக்கடியில் விளைந்தது, மற்றது ஆய்வகத்தில் வளர்த்தது. இரண்டுமே கார்பன்; கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலிலும் இரண்டுக்கும் உச்ச அளவான 10. வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல நகைக்கடைக்காரராலும் முடியாது.

விலையில்தான் மலையளவு வித்தியாசம். சுரங்கக் கல்லின் விலையில் சிறு பங்குக்கே அதே காரட் எடையுள்ள ஆய்வகக் கல் கிடைக்கும். ஆனால் விற்கப் போனால் அதற்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. சூரத்திலும் சீனாவிலும் உற்பத்தி பெருகப் பெருக விலை சரிந்துவிட்டது. சுரங்கக் கல்லும் தங்கம் மாதிரி கைகொடுக்காது. போட்ட பணம் முழுதாகத் திரும்புவது அபூர்வம்.

சரி, எது? விற்கும் எண்ணமில்லை என்றால் நான் ஆய்வகக் கல்லையே எடுப்பேன், அதுவும் நல்ல வெட்டாக, அதாவது நன்றாகப் பட்டை தீட்டியதாக. 50 சென்ட் (அரை காரட்) கல்லும் பளிச்சென்று மின்னுவது வெட்டால்தான். பெரியவர்கள் ‘மண்ணில் விளைந்த கல்தான் வேண்டும்’ என்றால் சுரங்கக் கல். எதுவானாலும் வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் அமைப்புகளான ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ.யின் சான்றிதழைக் கேளுங்கள்.