நீர்புகா சால்மன் அடையாள அட்டை: வாங்கலாம், ஆனால் பின்பக்கத்தை நம்பாதீர்கள்

வான்கூவர், சியாட்டில் பக்கத்து மீன்பிடிக் கடைகளில் கல்லாவுக்கு அருகே தொங்கும் லேமினேட் செய்த அட்டைதான் இது. பத்து டாலருக்குள் கிடைக்கும். முன்பக்கம் கடலில் பிடிபடும்போது ஐந்து பசிபிக் சால்மன்களும் (சினூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க்) இருக்கும் தோற்றம். பின்பக்கம் அவையே முட்டையிட ஆற்றில் ஏறும்போது மாறும் தோற்றம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம்.

கண்ணைப் பறிப்பது பின்பக்கம்தான். செக்கச்சிவந்த உடலும் பச்சைத் தலையுமாகச் சாக்கை, ஊதாப் பட்டைகளோடு சம், முதுகு கூனிய ஆண் பிங்க். அத்தனையும் உண்மைதான். ஆனால் சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்டிலோ வான்கூவரை ஒட்டிய ஜார்ஜியா நீரிணையிலோ படகில் இருப்பவருக்கு இதனால் பயனில்லை. உப்புநீரில் ஐந்தும் வெள்ளிதான், முதுகில் மட்டும் நீலமோ பச்சையோ. அளவை வைத்தும் சொல்ல முடியாது: இரண்டு கிலோ மீன் கோஹோவாகவும் இருக்கலாம், பிங்க்காகவும் இருக்கலாம், வளராத சினூக்காகவும் இருக்கலாம்.

முன்பக்கத்தில் உருப்படியானது வால் படம். வாலை விரித்துப் பார்க்க வேண்டும். சுருங்கிய வாலில் புள்ளிகள் மறைந்துகொள்ளும். மேல்மடல், கீழ்மடல் இரண்டிலும் சிறு கரும்புள்ளிகள் இருந்தால் சினூக். மேல்மடலில் மட்டும் என்றால் கோஹோ. இரண்டு மடலிலும் பெரிய நீள்வட்டப் புள்ளிகள், வெள்ளிப் பூச்சே இல்லாத வால், மிகப் பொடியான செதில்கள் என்றால் பிங்க். தெளிவான புள்ளியே இல்லையென்றால் சாக்கை அல்லது சம். இவ்வளவையும் அட்டை சரியாகவே வரைந்திருக்கிறது. இளம் சினூக்கின் கீழ்மடல் புள்ளிகள் மங்கலாக இருக்கும் என்பதைத்தான் சொல்லவில்லை. அதைக் கோஹோ என்று எண்ணுவது வழக்கமான பிழை.

அந்த இடத்தில் கைகொடுப்பது ஈறு. அட்டையில் "கறுப்பு ஈறு சினூக், வெள்ளை ஈறு கோஹோ" என்று ஒரே வரி. இது பாதி உண்மை. பார்க்க வேண்டியது வாயின் நிறத்தையோ நாக்கின் நிறத்தையோ அல்ல. கீழ்த்தாடையில் பல் முளைக்கும் அந்த ஒற்றைக் கோட்டை. கோஹோவின் நாக்கும் வாயும் கறுத்திருக்கலாம், பல்லடிக் கோடு மட்டும் வெளுத்திருக்கும். சினூக்கில் அந்தக் கோடும் கறுப்பு. இன்னொரு சங்கதியை அட்டை விட்டேவிட்டது: பிங்க் மீனுக்கும் ஈறு கறுப்புதான், வாய் மட்டும் வெள்ளை. ஃபிரேசர் ஆற்றுக்கும் பியூஜெட் சவுண்டுக்கும் பிங்க் திரளாக வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில். அந்த ஆண்டுகளில் ஈற்றை மட்டும் பார்த்துச் சினூக் என்று முடிவு கட்டினால் ஏமாற்றம்தான். வாலும் ஈறும் ஒத்துப்போனால் மட்டுமே நம்புங்கள்.

சாக்கைக்கும் சம்முக்கும் அட்டை சொல்லும் வழி, செவுள் வளைவின் உட்புறம் சீப்புப் பற்கள்போல நிற்கும் முட்களை எண்ணுவது. சாக்கையில் அவை நீளமாக, மெல்லியதாக, நெருக்கமாக 28 முதல் 40 வரை இருக்கும். சம்மில் குட்டையாக, தடித்து, எண்ணிக்கை குறைவாக இருக்கும். செத்த மீனுக்கு இதைவிட உறுதியான சோதனை இல்லை. உயிரோடு விட வேண்டிய மீனின் செவுளைக் கிளறினால் அது பிழைப்பது கடினம். உயிர்மீனில் வாலைப் பாருங்கள்: சம்முக்கு வால் தொடங்கும் இடம் ஒடுங்கியிருக்கும், வாலில் வெள்ளிக் கீற்றுகள் ஓடும், குதத்துடுப்பின் (வயிற்றுப்புறம் வாலுக்கு முன்னால் இருக்கும் துடுப்பு) நுனி பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும்.

அட்டையின் பெரிய குறை ஸ்டீல்ஹெட், அதாவது கடலுக்குப் போய்வரும் ரெயின்போ டிரௌட். அட்டையில் அதற்குப் படமே இல்லை. பியூஜெட் சவுண்ட் ஸ்டீல்ஹெட் 2007 முதல் அமெரிக்கக் கூட்டரசின் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. கடலில் அதுவும் வெள்ளி மீன்தான், வால் முழுக்கப் புள்ளி இருப்பதால் சினூக் என்று நினைக்கத் தோன்றும். பிரித்துக் காட்டுவது குதத்துடுப்பு: பசிபிக் சால்மனில் 13 முதல் 19 கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய முட்கள்), அடிப்பகுதி நீளம், ஸ்டீல்ஹெட்டில் 8 முதல் 12, அடிப்பகுதி குறுகல். ஈறும் வெள்ளை. இந்த ஒரு படம் சேர்த்திருந்தால் இன்னொரு மதிப்பெண் போட்டிருக்கலாம்.

கொழுப்புத் துடுப்பு பற்றிய குறிப்பு நன்று. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறு சதைத் துடுப்பு வெட்டப்பட்டு, தோல் ஆறி வழவழப்பாக இருந்தால் அது குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்துக் குறியிட்டு விடப்பட்ட மீன். பல பகுதிகளில் வெட்டப்படாததை விட்டுவிட வேண்டும்.

நீளம் அளக்கும் படத்தில்தான் அபராதம் ஒளிந்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை அளக்க வேண்டும், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வால் நுனி வரை. இரண்டு பக்கத்துக் கடைகளிலும் விற்கும் அட்டையில் ஒரே ஒரு படம்! ஜார்ஜியா நீரிணையில் சினூக்குக்கு 62 சென்டிமீட்டர் குறைந்தபட்சம் என்பதுபோன்ற எண்கள் பகுதிக்குப் பகுதி வேறுபடும், இடையிலும் மாறும். அதனால் அவற்றை அட்டையில் அச்சிடாதது சரியே. கிளம்பும் முன் அரசு அறிவிப்பைப் பாருங்கள்.

பயன்படுத்தும் விதம் பற்றி அட்டை வாயே திறக்கவில்லை. வாஷிங்டன் கடற்பகுதியில், வைத்துக்கொள்ளக் கூடாத சால்மனைப் படகுக்குள் தூக்கினாலே குற்றம். ஆகவே சோதனை முழுவதும் மீன் தண்ணீரில் இருக்கும்போதே நடக்க வேண்டும். தூண்டில் நரம்பைப் பிடித்து மீனைப் படகோரம் இழுத்து, முதலில் வால், அடுத்து கொழுப்புத் துடுப்பு, தலையைச் சற்றே உயர்த்தி ஈறு. சந்தேகம் தீரவில்லையா, தூண்டிலைக் கழற்றி விட்டுவிடுங்கள். வலையில் அள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் முடிச்சில்லாத ரப்பர் வலை. முடிச்சு வலை செதிலை உரித்துவிடும்.

கயிற்றுத் துளையை லேமினேட்டைத் தாண்டித் தாளிலேயே குத்தியிருக்கிறார்கள். உப்புநீர் அங்கிருந்து உள்ளே ஊறி, முதலில் ஊதுவது வால் படங்கள் இருக்கும் மூலை. துளையைச் சுற்றி நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு போட்டால் தாங்கும்.

டொராண்டோ பக்கத்து நம்மவர்கள் இதை வாங்க வேண்டாம். ஒன்டாரியோ ஏரியில் சினூக்கும் கோஹோவும் இருந்தாலும், அங்கே குழப்புவது அட்லாண்டிக் சால்மனும் பிரவுன் டிரௌட்டும்; இந்த அட்டையில் இரண்டும் இல்லை. அந்த ஏரியில் செவுள் மூடியிலிருந்து தொடங்குங்கள். அதில் பெரிய கரும்புள்ளிகள் இருந்தால் அது சினூக்கோ கோஹோவோ அல்ல. அட்லாண்டிக்கை அங்கே மீண்டும் குடியேற்றும் முயற்சி நடப்பதால் அதற்கு விதிகளும் தனி.