480 பவுண்டுக்கு ஒரு போலிக் கொக்கு

பழைய மஜோலிகா பறவை (வண்ணக் கண்ணாடி மெருகு பூசிச் சுட்ட மண் உரு) வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், குறிப்பாக சந்தைகளில் மேசை போட்டு விற்பவர்களிடம் வாங்குபவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். போன வருஷம் நான் 480 பவுண்டு கொடுத்து ஒரு கொக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் மதிப்பு முப்பது பவுண்டுகூட இல்லை என்று பிறகு தெரிந்தது.

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. மண்ணும் சூளையுமாகவே வளர்ந்த ஊர் இது. இங்குள்ள ஹான்லி மியூசியத்தில், இந்த ஊரின் பழைய மண்பாண்டக் கம்பெனியான மின்டன் செய்த மயில் ஒன்று நிற்கிறது. பால் கொமலெரா என்ற பிரெஞ்சுச் சிற்பி 1870-களில் வடித்தது, ஏறக்குறைய ஐந்தடி உயரம். முருகன் கோயில் வாசலில் மயில் பார்த்து வளர்ந்தவளுக்கு அதைவிட்டு நகர மனம் வரவில்லை. அன்று பிடித்த பைத்தியம்தான் இது. ஜார்ஜ் ஜோன்ஸ், ஹோல்ட்கிராஃப்ட், வெட்ஜ்வுட் என்று மஜோலிகா செய்த கம்பெனிகளின் பெயர்கள் மனப்பாடம் ஆயின. கழுத்து உடைந்து ஒட்டிய வாத்து, மூக்கு உடைந்த கிளி என்று சில்லறை விலையில் ஐந்தாறு பறவைகள் சேர்ந்தன. அதற்குள் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் வந்துவிட்டது.

மிட்லண்ட்ஸில் ஒரு பழம்பொருள் சந்தை. நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் போயிருந்தேன், அதுவே முதல் தப்பு. ஒரு மேசையில் நாணல் புதரில் சாய்ந்தபடி, வாயில் மீனோடு ஒரு கொக்கு. பூச்சாடிதான், ஒன்றரை அடி இருக்கும். விற்றவர் எழுபது வயதுத் தாத்தா, பேச்சில் தேன் ஒழுகியது. "மின்டன்மா, 1870 வாக்கில் செய்தது" என்றார். பிறகு லாக் ஆர்டு கப்பல் கதையை ஆரம்பித்தார். 1878-இல் ஆஸ்திரேலியக் கரையோரம் அந்தக் கப்பல் பாறையில் மோதியது. 54 பேரில் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள். மெல்போர்ன் கண்காட்சிக்காகப் பெட்டியில் போன மின்டன் மயில் ஏறக்குறைய உடையாமல் கரை சேர்ந்தது. இன்றும் அந்தக் கரையோர ஊரான வார்னம்பூலில் இருக்கிறது. கதை முழுக்க நிஜம், நானே முன்பு படித்ததுதான். அதனால்தான் விழுந்தேன். மயிலைப் பற்றி அவர் சொன்ன நிஜம், மேசையில் இருந்த கொக்குக்கும் சேர்த்து சாட்சி சொல்வது போல மனசு எடுத்துக்கொண்டது.

கவிழ்த்துப் பார்க்காமலா வாங்கினாய் என்று கேட்காதீர்கள். பார்த்தேன். அடியில் மின்டன் என்றும், அதன் கீழே இங்கிலாந்து என்றும் எழுத்து இருந்தது. அதைப் பார்த்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் போய், பேரம் பேசி 550-ஐ 480-க்கு இறக்கியதில் எனக்கு நானே ஷொட்டு வேறு கொடுத்துக்கொண்டேன். அவர் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்றார். அங்கேயே நின்று பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஏலக்கடையில் இலவசமாக மதிப்புச் சொல்லும் நாளில் கொண்டுபோனேன். அங்கே மதிப்புச் சொல்லும் அம்மா என் முகத்தைப் பார்க்காமலே கொக்கை வாங்கி, சாடிக்குள் விரலை விட்டார். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு மாதிரி இருந்தது. "நம்ம ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்துப் பழைய மஜோலிகா சாடி என்றால் உள்ளேயும் பெரும்பாலும் நீலமோ ரோஸோ மெருகு ஓடியிருக்கும்" என்றார். பிறகு அடிப்பக்கம். நான் பார்த்த அதே எழுத்து, ஆனால் அது மண்ணில் அழுத்திய முத்திரை இல்லை, அச்சிலேயே வார்த்த மேடான எழுத்து. ஓரமெல்லாம் சோப்புக் கட்டி போல மழுங்கியிருந்தது. மின்டன் முத்திரை ஈரமண்ணில் பதித்தது, பள்ளமாக இருக்க வேண்டும். அதைவிட, நாட்டின் பெயர்! அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்காக 1891 முதல்தான் ஏற்றுமதிப் பீங்கானில் நாட்டின் பெயர் போடும் வழக்கம் பரவியது. 1873 வாக்கிலேயே கம்பெனி தன் பெயரை மின்டன்ஸ் என்று ஸ் சேர்த்துக் குத்த ஆரம்பித்துவிட்டது. ஸ் இல்லாத பெயர் 1873-க்கு முந்தியது, நாட்டின் பெயர் 1891-க்குப் பிந்தியது, அந்தக் காலச் சாடியில் இரண்டும் சேர்ந்து நிற்க வழியே இல்லை. இதெல்லாம் நான் படித்தவைதான். கையில் கொக்கு இருந்தபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வண்ணத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. 1849-இல் மின்டனில் லியோன் ஆர்னூ என்ற பிரெஞ்சு மண்பாண்ட நிபுணர் கொண்டுவந்து, 1851 லண்டன் பெருங்காட்சியில் பெயர் வாங்கிய இந்த மெருகு ஈயம் கலந்தது. சூளையில் உருகி வழியும். இறகின் பள்ளத்தில் தேங்கிக் கருக்கும், மேட்டில் இளைத்து மண் தெரியும். ஒரே பச்சையில் நாலு பச்சை பார்க்கலாம். என் கொக்கில் பெயிண்ட் அடித்த கேட் மாதிரி எங்கும் ஒரே பச்சை. மெருகின் மயிர்க்கோடு விரிசல்களில் பழுப்பு ஏறியிருந்ததே, அது? நகப்பாலீஷ் நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தார். நூற்றைம்பது வருஷ அழுக்கு பஞ்சில் வந்துவிட்டது.

அசல் பொருளின் மேல் அச்சு எடுத்து வார்த்தால், மண் காய்ந்து வெந்து சுருங்கும் என்பதால் நகல் எப்போதும் கொஞ்சம் குள்ளமாகவே வரும் என்றும் சொன்னார். வாங்கப்போகும் உருவின் உயரம் எங்காவது பதிவாகியிருந்தால், கையில் டேப்போடு போங்கள்.

போன் செய்தேன். தாத்தாவின் தேன் வற்றியிருந்தது. "ரசீதைப் படிச்சுப் பாருங்க" என்றார். படித்தேன். "மஜோலிகா கொக்குச் சாடி, 480 பவுண்டு, உள்ளது உள்ளபடி." மின்டன் என்ற பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். வியாபாரம் செய்பவர் "உள்ளது உள்ளபடி" என்று எழுதிவிட்டால் மட்டும் தப்பிக்க முடியாது. ஆனால் அவர் என்ன சொன்னார் என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? இணையத்தில் வாங்கியிருந்தால் 14 நாளில் திருப்பலாம். சந்தையில் நேரில் வாங்கியதற்கு அதுவும் இல்லை. கிரெடிட் கார்டில் போட்டிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்குக் கார்டு கம்பெனியும் பொறுப்பு. நான் டிரான்ஸ்ஃபர் செய்தவள். அந்த மெஷின் நிஜமாகவே கெட்டிருந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சந்தை நடத்துபவர்கள், அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் என்று கை கழுவினார்கள். இலவச ஆலோசனை தரும் அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸ் வழியாகப் புகார் பதிந்திருக்கிறேன். என் வார்டில் வேலை செய்யும் பெண் சொன்னாள்: "அக்கா, அடுத்த தடவை ரசீதுல கம்பெனி பேர், வருஷம், ஒட்டுப்போட்டதா இல்லையா, மூணையும் அவர் கையாலயே எழுத வைங்க. எழுதத் தயங்கினா அங்கயே வெச்சுட்டு வாங்க." என் படிப்பெல்லாம் சேர்ந்து செய்யாததை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

கொக்கு இப்போது வாசலில் குடை தாங்குகிறது. சாடியாகச் செய்தது, குடைக்குக் கொஞ்சம் குட்டை, அடிக்கடி சாய்ந்து விழுகிறது. இன்னும் உடையவில்லை.

போன மாதம் அதே சந்தைக்குப் போனேன். அதே மேசை, அதே தாத்தா, அதே சாய்வில் இன்னொரு கொக்கு, வாயில் அதே மீன். விலைச்சீட்டில் 520.