நாலு பாட்டு, எண்பது நிமிடம்

கனடாவிலிருந்து லீவுக்கு வந்த மாமா 2009இல் தந்துவிட்டுப் போன இரட்டை இறுவட்டு இது. யெஸ் என்ற இங்கிலாந்து ரொக் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்', 1973இல் வந்தது. "முழுக்கக் கேட்டுப்போட்டுச் சொல்லு" என்றார். முழுக்கக் கேட்கவே எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. மொத்தம் நாலே நாலு பாட்டு. ஒவ்வொன்றும் பழைய எல்பி தட்டின் ஒரு முழுப்பக்கம், ஏறக்குறைய இருபது நிமிடம்.

நீளத்தை நான் குறை சொல்ல மாட்டேன். திருவிழாவில் நாதஸ்வரக்காரர் தோடியை அரை மணித்தியாலம் ஊதினாலும் எழும்பிப் போகாத ஊர் திருகோணமலை. ஆனால் அவர் எங்கே போகிறார் என்று கேட்கிறவனுக்கும் பிடிபடும். இதில் சில இடங்களில் வாசிக்கிறவர்களுக்கே அது தெரியவில்லை போல. கீபோர்ட் வாசித்த ரிக் வேக்மனுக்கும் இதே மனக்குறைதான்: ஒரு தட்டுக்கு மிஞ்சிய சரக்கு, இரண்டு தட்டுக்குக் காணாது, மிச்சத்தை நிரப்பிவிட்டோம் என்பது. மான்செஸ்டரில் இதை மேடையேற்றியபோது, தனக்கு வேலையில்லாத நேரத்தில் அங்கேயே இருந்து கறி சாப்பிட்டவர் அவர். 1974இல் குழுவை விட்டே போய்விட்டார்.

இன்னொரு விசயம். பாடகர் ஜோன் ஆண்டர்சன், பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் ஓர் அடிக்குறிப்பைப் படித்திருக்கிறார். அதிலிருந்த சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்ற நாலு வகைச் சாஸ்திரங்களும்தான் இந்த நாலு பாட்டு. இதை மாமா சொன்னதும் அம்மாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. பிளேயருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா. ஐந்து நிமிடம் போனது. "இதில எங்கயடா சுருதி?" என்று கேட்டுவிட்டு அரிசி களைய எழும்பிப் போனா. எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. பாட்டு வரிகளுக்கும் அதே கதிதான். சொற்கள் வடிவாக இருக்கின்றன, பொருள் கையில் நிற்பதில்லை.

சரி, ஏன் இன்னும் கேட்கிறேன்?

முதல் பாட்டுக்காக. 2003இல் வந்த பதிப்பில் அதன் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிட முன்னிசையைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். அது மெல்ல மெல்ல எழும்பி வர, பிறகு ஆண்டர்சன் மூச்சு விடாமல் ஓதுவதுபோலத் தொடங்குவார். விடியற்காலை டச் பே மணலில் இருந்து கேட்க வேண்டும். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலைப் பக்கம் வெளிச்சம் வரும். கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு ஹெட்செட்டைத் தாண்டி உள்ளே வரும். எது யாருடைய குரல் என்று பிரிக்க மனம் வராது.

இரண்டாவது பாட்டு கொழும்பு இரவு ரயிலுக்கு. சீனன்குடா வருமுன் நித்திரை. குறையாகத்தான் சொல்கிறேன், ஆனால் அதற்காகவே பத்துத் தடவையாவது போட்டிருப்பேன்.

நாலாவதில் தாளவாத்தியப் பகுதி ஒன்று வருகிறது. டிரம்ஸ்காரர் அலன் வைட் இந்தக் குழுவில் சேர்ந்தபின் வந்த முதல் ஸ்டூடியோ தொகுப்பு இது; நல்ல கை. இருந்தாலும் தவில் தனி கேட்டு வளர்ந்த காதுக்கு அது தட்டுமுட்டுச் சாமான் விழுந்த சத்தம்தான். அது ஓய்ந்து வரும் அமைதியான பாட்டு மட்டும் தேன்.

மூன்றாவதைத்தான் நான் பல வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். முரட்டுக் கிட்டார், இரைச்சல். என் இறுவட்டில் ஒரு கீறல் வேறு. 12ஆவது நிமிடம் அளவில் சிக்கித் 'திக் திக்' என்று நிற்கும். "நல்லதாய்ப் போச்சு" என்று அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்.

2022இல் கரண்ட் இல்லாத ஓர் இரவு. மின்விசிறி ஓடவில்லை, பக்கத்து வீட்டு டிவியும் இல்லை. போனில் டவுன்லோட் பண்ணி வைத்திருந்ததைப் போட்டுவிட்டு முற்றத்தில் பாயில் கிடந்தேன். அந்த இடம் வந்தது, சிக்கவில்லை. இரைச்சல் விலகி ஸ்டீவ் ஹவ்வின் கிளாசிக்கல் கிட்டார் தனியாக ஒலித்தது. பிறகு அதன்மேல் மெதுவாக ஒரு பாட்டு. எழும்பி இருந்துவிட்டேன். பதின்மூன்று வருடமாக இது அந்தக் கீறலுக்கு அங்கால் கிடந்திருக்கிறது.

உடனே மாமாவுக்குச் சொல்ல நினைத்தேன். போனில் சார்ஜ் 4 சதவீதம். பாட்டு முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது போனில்தான் கேட்கிறேன். ஆனாலும் 12ஆவது நிமிடம் கிட்ட வந்தால் கை தன்பாட்டில் அடுத்த பட்டனைத் தேடுகிறது.