அம்மாயியின் புள்ளடியும் தம்பியின் லீவும்

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துக்குள் மூன்று தடவை எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் வாக்குப்பெட்டி வைத்தார்கள். மூன்று தடவையும் எங்கள் வீட்டில் இரண்டு பேரின் வாக்கைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் அம்மாயி, எங்கள் பாட்டி. சர்க்கரை வியாதியில் பார்வை மங்கிவிட்டது, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இன்னொருவன் தம்பி, கொழும்பில் புடவைக் கடையில் வேலை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வழியாகப் பார்த்தோம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில், இப்படி ஒருவராவது இல்லாத லயம் குறைவு. அதனால்தான் எந்த வழி எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

முதலில் அம்மாயி. செப்டம்பரில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கண் தெரியாதவர் போனால், வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலரே, இன்னொரு அலுவலரை வைத்துக்கொண்டு, வாக்காளர் சொல்கிறபடி அடையாளம் இட்டுக் கொடுப்பார் என்றார்கள். அது உண்மைதான். இந்த வழியில் முன்கூட்டியே எந்தப் பத்திரமும் தேடி அலைய வேண்டியதில்லை, அடையாள அட்டையோடு போனால் போதும். ஆனால் அந்த அலுவலருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அம்மாயி சொன்னதை மற்றவர் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அலுவலர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், குறை சொல்ல மாட்டேன். வெளியே வந்த அம்மாயி கேட்டது இதுதான்: "மூணு பேருக்குத் தெரிஞ்ச பொறகு அது என்னா ரகசியம்?"

இதைச் சின்ன விஷயமாக விட எனக்கு மனம் வரவில்லை. 1931இல் இந்த நாட்டுக்குச் சர்வஜன வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் எங்கள் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் ஆட்களின் குடியுரிமை போயிற்று, 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அம்மாயிக்குக் குடியுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். ஐம்பது வயது தாண்டி முதல் புள்ளடி போட்டவர், அதை அடுத்தவர் காதில் சொல்லிப் போட வேண்டியிருந்தது.

நவம்பரில் இரண்டாவது வழி, அதாவது சொந்த உதவியாளர். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம் இதற்கு இடம் தருகிறது. பார்வைக் குறைபாடோ உடற்குறைபாடோ உள்ளவர், தான் நம்பும் ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம். அவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வேட்பாளராகவோ கட்சியின் முகவராகவோ இருக்கக் கூடாது. இதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். படிவத்தைக் கிராம சேவகரிடம் வாங்கி, அரசாங்க வைத்தியரிடம் ஒரு கையெழுத்து, கிராம சேவகரிடம் ஒரு கையெழுத்து. கேட்க லேசாக இருக்கும். மலைநாட்டில் கிராம சேவகர் அலுவலகத்துக்கு ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் என்றால் அம்மாவுக்கு இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம், போய்விடும். அதனால் படிவத்தை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, அம்மாயியின் சர்க்கரைக் கிளினிக் நாளிலேயே வைத்தியரிடம் நீட்டினோம். ஒரு நாள் மிச்சமாயிற்று.

உதவியாளர் யார் என்பதுதான் இதில் நெருடலான இடம். தோட்டத் தலைவர் ஒருவர் தானே கூட வருவதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனாலும் தொழிற்சங்கத்தில் இருப்பவர் கூட நின்றால் அம்மாயி மனதில் இருப்பதைச் சொல்வாரா? பேத்திக்கு 19 வயது. அம்மாயி அவளைத்தான் கேட்டார். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அப்புறம் அந்தக் கட்சியின் வேட்பாளர்களுக்கு மூன்று விருப்பு வாக்கு வரை அவர்களின் இலக்கத்தில் போடலாம். அந்த இலக்கங்களை அம்மாயி வீட்டிலேயே மனப்பாடம் செய்திருந்தார். மறைப்புக்குள் பேத்தி ஒவ்வொன்றையும் காதோடு சொல்லிக் காட்ட, அம்மாயி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். அவசரப்படுத்த யாரும் இல்லை.

இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்பிக்கையான ஓர் ஆள் வீட்டில் இருந்தால் சான்றிதழ் எடுங்கள். வீட்டில் யாருமே இல்லாதவருக்கும், உதவி செய்கிறேன் என்ற பெயரில் சொந்தக்காரரே வாக்கைத் திருப்பிவிடுவார் என்று பயப்படுகிறவருக்கும் அலுவலர் வழிதான் பாதுகாப்பு. அந்த நிலையில் அதைத் தயங்காமல் கேளுங்கள்.

லயத்திலிருந்து ரோட்டுக்கு 43 படி. செப்டம்பரில் அம்மாயியைக் கதிரையில் வைத்து மாமாவும் பக்கத்து வீட்டுப் பையன்களும் தூக்கினார்கள். நவம்பரில் ஒரு கட்சிக்காரர் வேன் அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். வாக்காளரைக் கட்சி வாகனத்தில் ஏற்றுவது சட்டப்படி குற்றம், அதோடு ஏறி இறங்கிய பிறகு அந்த நன்றிக்கடன் வேறு. மே மாதத்தில் நேரத்தோடு விண்ணப்பித்து, தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் வாகனத்துக்கு அனுமதிக் கடிதம் வாங்கினோம். நடக்கவோ பஸ்ஸில் போகவோ முடியாத வாக்காளருக்கு அது உண்டு. ஆட்டோக் கூலியை மாமா கொடுத்தார். படியில் தூக்கும் வேலை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு எந்தக் கடிதமும் கிடையாது.

தம்பியின் கதை வேறு. தபால் மூல வாக்களிப்பு அரசாங்க உத்தியோகத்தர், பொலிஸ், படையினர், தேர்தல் கடமைக்குப் போகிறவர்கள் போன்றோருக்குத்தான். எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் தேர்தலுக்கு முன்பே அடையாளம் இட்டு முடித்துவிடுகிறார்கள். கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது இல்லை. இது மாற வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். மாறும்வரை இரண்டே வழி: ஊருக்கு வருவது, இல்லாவிட்டால் பதிவைக் கொழும்புக்கு மாற்றுவது.

ஊருக்கு வர லீவு உண்டு. தூரம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். தனியார் துறைக்கும் இது உண்டு, சம்பளம் வெட்டக் கூடாது. ஹட்டன் பக்கத்துக்கு ஒன்றரை நாள் வரும். செப்டம்பரில் இது தெரியாமல் சம்பள வெட்டோடு வந்து போனான். நவம்பரில் தீபாவளி முடிந்து இரண்டு வாரம்தான். "இப்பதானே ஊருக்குப் போயிட்டு வந்தாய்" என்றாராம் முதலாளி. வரவில்லை, வாக்கும் போயிற்று. மே மாதத்தில் எந்தத் தோட்டம், எத்தனை கிலோமீற்றர், எத்தனை நாள் என்று எழுதி, இரண்டு வாரம் முன்பே கொடுத்தான். எழுத்தில் கொடுத்ததும் அதே முதலாளி பேசாமல் தந்தார். வாயால் கேட்டால் அது தயவு கேட்பது போல ஆகிவிடுகிறது.

பதிவை மாற்றுவதும் தப்பில்லை. மனைவி பிள்ளைகளோடு கொழும்பில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அங்கேதான் வடிகானும் தண்ணீரும் பள்ளிக்கூடமும். அங்கே வாக்கிருந்தால்தான் அங்கே கேட்கலாம். வாடகை வீட்டின் சொந்தக்காரர் சம்மதிக்காமல் இழுத்தடிப்பதுதான் பெரிய தொல்லை. தம்பி மாதிரி கடை மாடியில் படுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பாராளுமன்றத்துக்கு மாவட்ட வாரியாகத் தெரிவாகும் 196 பேரில் 160 ஆசனங்கள் பதிவான வாக்காளர் தொகையை வைத்தே பங்கிடப்படுகின்றன. நுவரெலியாவின் 8 ஆசனங்களில் நம் பிள்ளைகளின் பெயரும் கணக்கில் நிற்கிறது. எந்த முடிவானாலும், வாக்காளர் இடாப்பு திருத்தும் காலத்தில் கிராம சேவகரிடம் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஊரில் வெட்டுப்பட்டு, கொழும்பிலும் சேராமல் போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மே 6ஆம் திகதி தம்பிதான் கதிரையின் ஒரு பக்கம் பிடித்தான். உள்ளூராட்சி வாக்குச்சீட்டு சின்னது, ஒரே ஒரு புள்ளடி. பேத்தி விரலை வைத்துக் கட்டத்தைக் காட்ட, அம்மாயி அன்று தானே பென்சிலைப் பிடித்துக் கோடு இழுத்தார். சாயங்காலம் தம்பி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவன் இடது கையைப் பிடித்துச் சுண்டு விரலைத் தடவினார். "மை காஞ்சிருச்சா?"